படுத்தால் எழுப்ப

பெருந்துறை ரோட்டு ஷோரூமில்
கண்ணாடிக்குள் நிற்கிறது
எண்ணூற்று அறுபது மில்லிமீட்டர் சீட் உயரம்.
நான் ஐந்தடி ஒன்று.
ஏறி உட்கார்ந்தால்
இடது கால் பெருவிரல் மட்டும்
டைல்ஸ் தரையைக் கண்டுபிடிக்கிறது.

"லடாக் வரைக்கும் அசராதுங்க மேடம்" என்கிறான்
கழுத்துப் பட்டையில் அடையாள அட்டை ஆடும்
கௌதமராஜ்.
லடாக்கில் எனக்கு மாடில்லை.

மாடிருப்பது
வெள்ளகோவில் தாண்டித் தெற்கே.
வெடியால கிளம்பினால் முக்கால் மணி நேரம் தார்.
அப்புறம் தார் இருந்ததற்கான ஜல்லி.
அப்புறம் இட்டேரி:
ரெண்டு பக்கமும் கிளுவை வேலி,
டிராக்டர் அழுத்திய இரட்டைத் தடம்,
நடுவே புல் முளைத்த முதுகு.
சித்திரையில் அந்த மண் மாவு.
முன்சக்கரத்தை யாரோ
காதைப் பிடித்துத் திருப்புவது போலிருக்கும்.

பின் கேரியரில் மூன்று லிட்டர் நைட்ரஜன் குடுவை.
உள்ளே, மைனஸ் நூற்றுத் தொண்ணூற்றாறில்,
குச்சி குச்சியாய் நாற்பது காங்கயம் காளைகள்.
குடுவை சாயக்கூடாது.
இதை எந்த விளம்பரத் தாளும் சொல்வதில்லை.

மூன்று மாதமாகச் சினைப் பதிவேட்டின் பின்பக்கத்தில்
கணக்குப் போட்டிருக்கிறேன்.
இருபத்தொரு அங்குல வீல் பள்ளத்தை மன்னிக்கும்.
பத்தொன்பது தாரில் சொன்னபடி வளையும்.
கம்பி வீல் கல்லுக்கு வளைந்து கொடுக்கும், ஆனால் உள்ளே டியூப்.
எங்களூரில் கல்லைவிட
வேலிக்கருவை முள் அதிகம்.
டியூப்லெஸ் என்றால் திரியைக் குத்திக் காற்றடித்து
பத்து நிமிடத்தில் போய்விடலாம், நானே.
பின்சக்கர ஏபிஎஸ்ஸை அணைக்க
ஒரு பொத்தான் வேண்டும்.
"கார் வாங்கிக்கோயேன்" என்கிறார் வீட்டில்.
கார் இட்டேரிக்குள் போகும்.
ரிவர்ஸில்தான் வெளியே வரும்.

"இதைப் படுக்கப் போட்டுப் பார்க்கலாமா?"

கண்ணாடி அறையிலிருந்து மேனேஜர் தேவசேனாபதி
காபி தம்ளரோடு எழுந்து வந்தார்.
"ஏனுங்க?"
"விழும்ங்க. நான் ஒருத்தி மட்டும் இருக்கிற இடத்துலதான் விழும்."

பின்கட்டில், சாக்கு விரித்து,
ஏற்கெனவே சிராய்த்திருந்த டெமோ வண்டியை
கைக்குழந்தை போல வலப்பக்கம் கிடத்தினார்கள்.
ஸ்டாண்டை முதலிலேயே இழுத்துவிட்டேன்.
ஹேண்டிலை ஒடித்து, முதுகைத் திருப்பி,
இடுப்பை சீட்டுக்குக் கொடுத்து,
காலால் சின்னச் சின்னதாய்ப் பின்னுக்கு நடந்தேன்.

இருநூற்றிரண்டு கிலோ.
ஒரு சாண் எழுந்தது.
திரும்பப் படுத்துக்கொண்டது.

பால் காய்ச்சலில் விழுந்த மாட்டை எழுப்பியிருக்கிறேன்.
நரம்பில் கால்சியம் இறங்க இறங்க
காது சூடாகும், மூக்கு வேர்க்கும்.
பின்னங்காலை ஊன்ற அதுவாக நினைக்கும் அந்த நொடியில்
வால் அடியில் கைகொடுத்தால் போதும்.
பாதி வேலை மாட்டுடையது.
இது எதுவும் நினைக்கவில்லை.

"சின்னதைக் கொண்டாங்க" என்றேன்.
நூற்று ஐம்பத்தொன்பது. ஒற்றை சிலிண்டர்.
பட்டாணிப் பச்சை, பார்க்கச் சகிக்காது.
கௌதமராஜ் முகம் சித்தெ வாடியது,
அவன் கமிஷனும் சின்னதாகுமோ என்னவோ.
"தொண்ணூறுக்கு மேல கை எறும்பூறுங்க,
பைபாஸ்ல ஆம்னி பஸ் ஒதுக்கிட்டுப் போகும்" என்றான்.
உண்மைதான். மாதம் ஒருமுறை
கோயமுத்தூர் போய் நைட்ரஜன் பிடிக்கும்போது
அவனை நினைத்துக்கொள்வேன்.

எழுந்தது.
முட்டி நடுங்க, செருப்பொன்று கழன்று,
சாக்குத் தூசி தொண்டையில் அடைக்க,
எழுந்து ஸ்டாண்டில் சாய்ந்து நின்றது.
யாரும் கைதட்டவில்லை.
மேனேஜர் தம்ளரை வைத்துவிட்டு
பெரிய வண்டியைத் தூக்கப் போய்
கௌதமராஜைக் கூப்பிட்டார்.

முன்பணம் ஐயாயிரம். டெலிவரிக்கு இருபது நாளாம்.
ரசீதில் பேர் சொல்லும்போதே போன்:
முத்தூர் பக்கம் நாச்சிமுத்து.
"டாக்டரம்மா, நேத்து ஈன்ன செவலை
எந்திரிக்க மாட்டேங்குதுங்க."
"கழுத்தை மடக்கிட்டிருக்கா?"
"ஆமாங்க."
"நிமித்தி வைங்க. சாக்கு அண்டை குடுங்க. வர்றேன்."

வாசலில் பதினொரு வருட ஸ்கூட்டர்.
செல்ஃப் எடுக்காது.
உதைத்தேன்.